வொண்டர்புக்: நிலாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நிலாவுக்கு,

இறுதியாண்டுப் படைப்பாகச் சிறுவர்களுக்கு ஒரு ஏ.ஆர். கதைப்புத்தகம் (கேமராவில் தெரியும் நிஜக் காட்சியின் மேல் கணினிப் படங்களைச் சேர்த்துக் காட்டுவது) செய்யப்போகிறாய், முன்மாதிரியாக சோனியின் புத்தக வடிவ வீடியோ விளையாட்டான வொண்டர்புக்கைக் குறித்திருக்கிறாய் என்று உன் அப்பா சொன்னார். என்னிடம் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன் என்று பயந்து நீ கேட்கவில்லையாம். பேச்சுக்குத்தானே பயம், எழுதிவிடுகிறேன். உன்னைப் போல யோசிக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

நீ அதை விளையாடியபோது சின்னப் பெண். உனக்கு நினைவிருப்பது மந்திரக்கோலும் டிராகனுமாகத்தான் இருக்கும். எனக்கு நினைவிருப்பது வேறு. 2012 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த இ3 வீடியோ விளையாட்டுக் கண்காட்சியில் சோனி இதை அறிவித்தபோது மேடையில் சொல்லப்பட்ட பெரிய பெயர் ஹாரி பாட்டர் எழுதிய ஜே.கே. ரௌலிங். அந்த நவம்பரிலேயே வொண்டர்புக்கின் முதல் விளையாட்டான 'புக் ஆஃப் ஸ்பெல்ஸ்', சோனியின் விளையாட்டுப் பெட்டியான ப்ளேஸ்டேஷன் 3க்கு வந்தது. ஹாரி பாட்டர் உலகத்து மிராண்டா கோஸ்ஹாக் என்ற மந்திரவாதி எழுதிய பாடப்புத்தகம் என்ற பாவனையில், ரௌலிங் இதற்காகவே புதிதாக எழுதிக் கொடுத்திருந்தார். செய்தது சோனியின் லண்டன் ஸ்டூடியோ. 2003இல் ஐடாய் என்ற கேமராவைத் தொலைக்காட்சி மேல் வைத்து, வெறுங்கையை வீசி விளையாட வைத்தவர்களும் இவர்களே. 2009இல் ஐபெட் என்ற குட்டி மிருகத்தை வரவேற்பறைத் தரையில் உலவ விட்டார்கள். அடுத்தபடியாகப் புத்தகத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

சரி, கைக்கு வந்தது என்ன? நீல அட்டை போட்ட கனமான ஒரு புத்தகம். திறந்தால் கதை என்று ஒரு வரி கிடையாது, படமும் கிடையாது. பக்கத்துக்குப் பக்கம் கேமராவுக்கு மட்டும் புரியும் குறிகள். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் கேமரா அந்தக் குறிகளை வைத்துக் கணக்கிடும். அதே இடத்தில் முப்பரிமாணப் படத்தை வரைந்து திரையில் காட்டும். கையிலிருக்கும் 'மூவ்' என்ற கட்டுப்பாட்டுக் கோலின் நுனியில் ஒளிரும் பந்து இருக்குமே, அது கேமராவுக்குப் பெரிதாகத் தெரிந்தால் கை கிட்டே வந்திருக்கிறது, சிறிதானால் விலகியிருக்கிறது. 640க்கு 480 புள்ளி மட்டுமே பிடிக்கும் கேமராவை வைத்துக்கொண்டு இவ்வளவும் செய்தார்கள். அந்தப் பொறியியலை இன்றும் நான் மெச்சுகிறேன்.

என் மனக்குறை வேறு இடத்தில். புத்தகம் மடிக்கு முன்னால் தரையில் கிடக்கிறது. நெருப்பும் வெள்ளமும் பறக்கும் இறகும் எதிரே தொலைக்காட்சியில். குழந்தை பக்கத்தைப் புரட்டும், ஆனால் பக்கத்தைப் பார்க்காது. வாசிக்க வேண்டிய எழுத்தும் திரையில்தான் வரும். அதையும் ஒரு குரல் வாசித்துக்கொண்டே போகும். கல்யாண மண்டபத்தில் மணமக்கள் பத்தடி தூரத்தில் இருக்க, எல்லோரும் எல்இடி திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் போலத்தான் இது. வாசிப்பை மீட்கப்போகிறோம் என்ற தோரணையில் வந்த ஒன்று, புத்தகத்தையே ரிமோட் ஆக்கிவிட்டது.

ஆனாலும் அந்த விளையாட்டில் சில இடங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். திரையில் பக்கத்தின் மேல் தூசி படிந்திருக்கும். குழந்தை கோலை ஒதுக்கி வைத்துவிட்டு, தன் முன்னால் இருக்கும் உண்மையான அட்டையை உள்ளங்கையால் துடைக்கும். அட்டையில் ஒரு துளி தூசியும் இல்லை என்பது அதற்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே துடைக்கும். மூலை முடுக்கெல்லாம் தேடித் தேடித் துடைக்கும். அந்தச் சில நொடிகளில் மாயம் திரையை விட்டு இறங்கிக் காகிதத்துக்கு வந்துவிடுகிறது. நீ வொண்டர்புக்கிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்வதாக இருந்தால், தயவுசெய்து இதை எடுத்துக்கொள்.

இந்தச் சூட்சுமம் முழுதாகக் கைவந்தது 2013இல் வந்த 'டிக்ஸ் நைட்கிராலர்' விளையாட்டில்தான். ஹம்ப்டி டம்ப்டியின் சாவைத் துப்பறியும் ஒரு புத்தகப் புழு. பழைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்களின் வாடை. லண்டன்காரர்களோடு சேர்ந்து இதைச் செய்தது அமெரிக்காவின் லூசியானாவிலிருந்த மூன்பாட் என்ற ஸ்டூடியோ. இங்கே புத்தகம் பாடநூலாக நடிக்கவில்லை, நாடக மேடையாகிவிட்டது. தூக்கு, சாய், திருப்பிச் சுவரின் மறுபக்கத்தைப் பார். ரௌலிங் பெயரின் வெளிச்சத்தில் இதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை என்பது என் ஆதங்கம். அதே ஆண்டு பிபிசியோடு சேர்ந்து டைனோசர் எலும்புகளைத் தோண்ட வைத்த சூப்பர்மாசிவ் நிறுவனம், 2015இல் பதின்பருவத்தினரைப் பனிமலையில் துரத்தித் துரத்திக் கொல்லும் திகில் விளையாட்டுக்குப் போய்ப் பெயர் வாங்கிவிட்டது. பாவம், டைனோசர்கள்!

2013 நவம்பரில் 'புக் ஆஃப் போஷன்ஸ்' வந்தது. அதே மாதம் ப்ளேஸ்டேஷன் 4ம் வந்தது. புதிய பெட்டியில் பழைய வட்டு ஓடாது. அதற்குக் கேமராவும் வேறு. நான்கு விளையாட்டோடு கதை முடிந்தது. லண்டன் ஸ்டூடியோவையும் மூடப்போவதாக 2024இல் சோனி அறிவித்துவிட்டது. வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம். ஆனால் பெட்டி பழுதான வீட்டில் அந்த நீல அட்டையைப் பிரித்தால் என்ன மிஞ்சும்? குறிகள் மட்டும். கூடச் சேர்ந்த சாமான் போனதும் வாசிக்கவே முடியாமல் போவதைப் புத்தகம் என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை.

இப்படித்தான் ஆக வேண்டும் என்ற விதி ஒன்றுமில்லை. 2001ஆம் ஆண்டிலேயே மார்க் பில்லிங்ஹர்ஸ்ட், ஹிரோகாசு காட்டோ, இவான் புப்பிரேவ் மூவரும் 'மேஜிக்புக்' என்ற ஆய்வை வெளியிட்டிருந்தார்கள். அது எந்தக் கருவியும் இல்லாமல் படிக்கக்கூடிய சாதாரணப் புத்தகம். கையிலிருக்கும் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பக்கத்தின் மேலேயே உருவங்கள் எழுந்து நிற்கும். விரும்பினால் அந்த உலகத்துக்குள்ளேயே போகலாம். மூன்பாட்காரர்களும் தங்கள் ஆஸ்கர் வென்ற குறும்படக் கதையை 2012இல் அச்சுப் புத்தகமாகக் கொண்டுவந்தபோது, ஐபேட்டைக் காட்டினால் பக்கம் அசையும்படி ஒரு செயலியும் கொடுத்தார்கள். செயலி இல்லாதவருக்கும் கதை முழுதாகக் கிடைத்தது. 2015இல் டிஸ்னியின் ஆய்வாளர்கள் காட்டியது இன்னும் அழகு: குழந்தை காகிதத்தில் யானைக்கு வண்ணம் தீட்டத் தீட்ட, திரையில் எழுந்து நிற்கும் யானையும் அதே வண்ணத்தில் மாறிக்கொண்டே வரும். அங்கே குழந்தையின் கை காகிதத்தை விட்டு நகராது.

உன் திட்டம் தொலைபேசிக்கானது என்பதால் ஒரு தொல்லை ஏற்கனவே தீர்ந்துவிட்டது. திரை பக்கத்துக்கு நேர் மேலேயே நிற்கும். இன்னொரு தொல்லை அங்கேதான் முளைக்கிறது. ஒரு கை தொலைபேசியைப் பிடித்துக்கொண்டால் துடைக்கவும் புரட்டவும் மிஞ்சுவது ஒரு கைதான். ஆறு வயதுக் குழந்தைக்கு அது எவ்வளவு சிரமம் என்பதை உன் தம்பியிடம் கொடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். தொலைபேசியை நிறுத்திவைக்க ஒரு தாங்கி செய்ய முடியுமா என்று யோசி. புத்தகம் வரும் அட்டைப்பெட்டியே தாங்கியாக மடிந்தால் இன்னும் நல்லது.

முதலில் அச்சுப் பக்கங்களை மட்டும் எனக்குத் தபாலில் அனுப்பு. செயலி இப்போதைக்கு வேண்டாம். படித்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
சித்தப்பா