ஊழியர் குறையைக் கேட்பவர் அதே அதிகாரிக்குக் கீழே இருக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கரண்ட் பில்லில் தகராறு என்றால் மின் குறைதீர்ப்பாளர் வரை போகலாம். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டமே அதற்கு வழி செய்திருக்கிறது. வங்கி வாடிக்கையாளருக்கு 1995 முதல் குறைதீர்ப்பாளர் உண்டு. திங்கட்கிழமைதோறும் நெல்லை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் மனுவோடு மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். சரி, அந்த மனுவை வாங்கிப் பதிவு செய்கிற ஊழியருக்கு ஒரு குறை வந்தால் அவர் யாரிடம் போவது?

ஓர் அரசுத் துறையின் மண்டல அலுவலகத்தில் நிர்வாகப் பிரிவுக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடைசிச் சில ஆண்டுகள் பணியாளர் குறைகேட்பு அலுவலர் என்ற கூடுதல் பொறுப்பும் என்னிடம் இருந்தது. கூடுதல் பொறுப்பு என்பதில்தான் கோளாறே.

என்னிடம் வந்தவை பெரும்பாலும் சின்ன விஷயங்கள். சர்வீஸ் ரெஜிஸ்டரில் ஏறாத விடுப்பு, காரணம் சொல்லாமல் நின்றுபோன இன்கிரிமென்ட், இப்படி. ஒரு டிரைவர் வந்தார். அதிகாரியின் பிள்ளைகளை ஜீப்பில் பள்ளிக்கூடம் கொண்டுவிடச் சொல்கிறார்கள், அந்த ஓட்டத்தை லாக் புக்கில் என்னவென்று எழுதுவது என்று கேட்டார். நாளைக்குத் தணிக்கை வந்தால் மாட்டுவது அவர்தானே? யார் வந்தாலும் முதலில் சொல்வது ஒன்றுதான்: “அண்ணாச்சி, சொல்லுதேன், ஆனா எங்கயும் எழுதிராதிய.”

அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அலுவலகத்தில் காகிதமாக எது வந்தாலும் தபாலில் ஏறி, எண் விழுந்து, பிரிவு உதவியாளர் தன்னிடம் வரும் காகிதங்களைக் குறித்து வைக்கும் தன்பதிவேட்டுக்குப் போய், கோப்பாகி அதிகாரியின் மேஜைக்குத்தான் போகும். அதிகாரி மேலேயே புகார் என்றாலும் அதே மேஜைதான்.

காகிதம் இல்லாமல் தீர்ந்ததும் உண்டு. மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பிய ஓர் இளநிலை உதவியாளரின் இடத்தை வள்ளியூருக்கு மாற்றியிருந்தார்கள். அவர் வீடு பேட்டையில். மனு கொடுக்க அந்தப் பெண்ணுக்குத் துணிவில்லை. நான் அதிகாரியிடம் நேரில் பேசினேன். கைக்குழந்தை இருப்பதே அவருக்குத் தெரியவில்லை, பிரிவில் எழுதி வைத்ததில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த வாரமே உத்தரவு திருத்தப்பட்டது.

அதே அதிகாரியைப் பற்றி வேறொருவர் வந்து பேசியபோது கதை வேறாகிவிட்டது. “யார் வந்தது?” என்று அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. என் அறை வராந்தாவில் இருந்தது, உள்ளே போகிறவரை எல்லோரும் பார்க்கலாம். என்னிடம் வந்து பேசியவருக்கு 17(பி) மெமோ, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. அதற்கப்புறம் என் அறைக்கு யாரும் வரவில்லை.

சங்கம் இருக்கிறதே என்பார்கள். சங்கம் ஊழியர் பக்கம் நின்று போராடும், அது அதன் வேலை. இரண்டு பக்கமும் பேசக்கூடிய ஒருவரைத்தான் நான் சொல்கிறேன். 2013 சட்டப்படியான உள்ளகப் புகார்க் குழு பாலியல் தொல்லைக்கு மட்டும். அரசு ஊழியர்களின் பணி வழக்குகளுக்கென்று மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் இருந்தது, அதையும் கலைத்துவிட்டார்கள். இப்போது நெல்லைக்காரர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குத்தான் போக வேண்டும். ஓர் இன்கிரிமென்டுக்காக எத்தனை பேரால் வக்கீல் வைக்க முடியும்?

ஐ.நா. சபை 2002-இல் தன் ஊழியர்களுக்கென்றே குறைகேட்பாளர் அலுவலகம் தொடங்கியது. அவர் தீர்ப்புச் சொல்வதில்லை, யாரையும் தண்டிப்பதில்லை. கேட்பார், வழி காட்டுவார், இரு தரப்பும் சம்மதித்தால் சமரசம் பேசுவார். வந்தவர் பெயர் வெளியே போகாது. எந்தத் துறைத் தலைவருக்கும் அவர் கட்டுப்பட்டவர் அல்லர்.

தமிழக அரசும் இதைச் செய்யலாம். குறைகேட்பவர் மண்டல அதிகாரிக்குக் கீழே இல்லாமல் நேரே துறைச் செயலருக்குப் பதில் சொல்பவராக இருக்கட்டும். பதவிக்காலத்தை உத்தரவிலேயே எழுதிவிட வேண்டும், நடுவில் மாற்றக் கூடாது. பெயர்களை விட்டுவிட்டு, எந்த மாதிரிக் குறைகள் வருகின்றன என்று ஆண்டுக்கு ஓர் அறிக்கை கொடுத்தால் போதும். அறை அலுவலகக் கட்டடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். செலவு என்று தயங்க வேண்டாம். பாளையங்கோட்டையில் ஓர் இடம் ஒதுக்கினால், மாதம் இரண்டு நாள் சம்பளம் வாங்காமலே வந்து உட்கார என்னைப் போல் ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்,
பாளையங்கோட்டை.