முதலில் மோல், அப்புறம் பாடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டையில் பிளஸ் 1 பிள்ளைகளுக்கு மாலையில் வேதியியல் சொல்லித் தருகிறேன். சமன்பாடுகளை மடமடவென ஒப்பிக்கிறார்கள். 36 கிராம் தண்ணீரில் எத்தனை மோல் என்றால் விழிக்கிறார்கள். டஜன் என்றால் 12. அதுபோல மோல் என்றால் 6.022 × 10²³ துகள்கள், அவ்வளவுதான். தண்ணீரில் ஒரு மோல் 18 கிராம்; ஆக, விடை 2. மில்லிகிராமைக் கிராமாக மாற்றவே பலர் தடுமாறுவதுதான் என்னை வருத்துகிறது.

2023 டிசம்பரில் எண்ணூரில் அமோனியா கசிந்தபோது, "பிபிஎம் என்றால் என்ன மிஸ்?" என்று ஒரு மாணவி கேட்டாள். காற்றிலோ நீரிலோ ஒரு பொருள் எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லும் அளவு; பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றேன். மணலி, எண்ணூர் ஆலைகளுக்கு நடுவே வளரும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு கட்டாயம் தெரிய வேண்டும். பள்ளிகள் முதல் இரண்டு வாரங்களை அலகுக்கும் மோலுக்குமே ஒதுக்கட்டும்.

– வேதியியல் ஆசிரியை, தண்டையார்பேட்டை