கூட நடந்தவர்களுக்கு

ஊர் மக்கள் எல்லோருக்கும் வணக்கம்.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊராட்சித் தலைவராக என் ஐந்து வருடம் முடிந்தது. அடுத்த தேர்தல் வரும்வரை தனி அலுவலர் நிர்வாகம் பார்ப்பார். குடிநீர், தெருவிளக்குக் கணக்கையெல்லாம் கிராமசபையில் சொல்லிவிட்டேன். இந்த மடல், ஏரிக்கரையில் வாழும் இருளர் பழங்குடிக் குடும்பங்களின் ஆதார், சாதிச் சான்று போன்ற காகிதங்களுக்காக என்னோடு அலைந்தவர்களுக்கு.

திருவள்ளூர் மாவட்டத்தில் வேலை பார்த்த பல ஆசிரியர்களுக்கு இது தெரியும். பொங்கல் முடிந்ததும் வகுப்பில் சில இடங்கள் காலியாகிவிடும். இருளர் குடும்பங்கள் செங்கல் சூளைக்குக் கிளம்பியிருக்கும். முன்பணம் வாங்கியாயிற்று, மழைக்காலம் வரை திரும்ப முடியாது. முழு ஆண்டுத் தேர்வு நடக்கும்போது பிள்ளைகள் சூளையில் கல் புரட்டிக்கொண்டிருப்பார்கள். 2018-இல், ஆசிரியர் வேலையிலிருந்து நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு, ஆறாம் வகுப்பில் அப்படிப் போன ஒரு பெண்ணின் பெயரை வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்தேன். அவள் வீடு பள்ளியிலிருந்து நடக்கிற தூரம்தான். ஒரு நாள்கூடப் போய்ப் பார்த்ததில்லை.

2019 டிசம்பரில் ஓட்டுக் கேட்டுப் போனபோதுதான் அந்தக் குடிசைக்குள் முதல்முறை உட்கார்ந்தேன். "எங்களுக்கு ஏது ஓட்டு, டீச்சரம்மா?" என்றார் அவள் பாட்டி. இருப்பது புறம்போக்கு, அதனால் முகவரிக்குச் சான்று இல்லை. முகவரி இல்லாததால் ஆதார் இல்லை, ஆதார் இல்லாததால் ரேஷன் அட்டை இல்லை. அப்பா பள்ளிக்கூடம் பக்கமே போனதில்லை, அவருக்குச் சாதிச் சான்று இல்லை, ஆகவே பிள்ளைக்கும் இல்லை. 29 வருடம் "சாதிச் சான்று எங்கே?" என்று பிள்ளைகளை நிற்கவைத்துக் கேட்டவள் நான். பாட்டி, முதல் நன்றி உங்களுக்கு. ஓட்டு இல்லாத வீட்டில் எனக்கு டீ போட்டுக் கொடுத்து எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னீர்கள்.

ஆதாருக்கு முகவரிச் சான்றாக ஊராட்சித் தலைவர் கையெழுத்திட்ட படிவம் செல்லும் என்று எனக்குச் சொன்னவர் எங்கள் ஊராட்சிச் செயலர். பதவியேற்றதும் நான் போட்ட முதல் கையெழுத்துகள் அவைதான். இரண்டே மாதத்தில் ஊரடங்கு வந்தது. அட்டை வராத வீடுகளுக்கு அரிசியும் பருப்பும் சேர்த்துக் கொடுத்த கடைக்காரர்களையும், முட்டையை எண்ணி வீடு வீடாகக் கொண்டுபோன அங்கன்வாடி அக்காவையும் மறக்கவே மாட்டேன்.

சாதிச் சான்றுதான் பெரிய பாடாகிவிட்டது. பழங்குடியினர் சான்றை வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும், தாசில்தார் தர முடியாது. அப்பா வழி உறவில் யாருடைய சான்றாவது கொண்டுவரச் சொல்லி இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போகும். ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருமுறைகூட வாடகை வாங்கவில்லை. இ-சேவை மையத்துத் தம்பி ராத்திரி எட்டு மணிக்கும் கடையைத் திறந்துவைத்து விண்ணப்பம் ஏற்றினார். அப்புறம் ஒரு நாள் விசாரணைக்கு ஓர் அதிகாரி ஏரிக்கரைக்கே வந்தார். நாற்காலி வேண்டாமென்று பாயில் உட்கார்ந்தார். பாட்டி கன்னியம்மனைப் பற்றியும், மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் தன் சனம் கூடுவதையும் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டே இருந்தார். ஐயா, அந்த ஒரு மணி நேரம் அவ்வளவு மரியாதையாகக் கேட்டீர்களே, அதற்கு நன்றி. சில வாரத்தில் சான்று வந்தது.

சூளைக்குப் பக்கத்துப் பள்ளித் தலைமை ஆசிரியரை நான் நேரில் பார்த்ததே இல்லை, போனில்தான் பேசியிருக்கிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது. அதை நான் எடுத்துச் சொல்லும் முன்பே, "பிள்ளைங்கள அனுப்புங்கம்மா, எமிஸ் நம்பரை நான் பார்த்துக்கிறேன்" என்றார். பள்ளிக்கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் பதிவு எண் அது. சார், சூளைப் பிள்ளைகளுக்கு நடு வருடத்திலும் உங்கள் பள்ளிக்கதவு திறந்திருந்தது.

இன்னும் ஒன்பது குடும்பங்களுக்கு மனைப்பட்டா வரவில்லை. மனுக்களின் நகல், போன தேதி, யாரிடம் நிற்கிறது என்கிற விவரம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துச் செயலரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்து தலைவராக வருபவர் என்னைக் கூப்பிட்டால் அந்தக் கோப்போடு நானும் வருவேன்.

சிவப்பு மையால் நான் அடித்த அந்தப் பெண், 2020-இல் எட்டாம் வகுப்பில் மறுபடி சேர்ந்தாள். வரும் மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுதுகிறாள். இந்தப் பொங்கல் முடிந்து அப்பாவும் அம்மாவும் சூளைக்குப் போனாலும், அவள் பாட்டியோடு ஊரில்தான் இருக்கப் போகிறாள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்