எக்கோ அறையில் அசையாமல் படுத்தவர்களுக்கு நன்றி

சர்க்கரை நோய்க்கான மாத்திரை இதயத்தின் சுவரில் என்ன மாற்றம் செய்கிறது என்று பார்ப்பதுதான் என் மேற்படிப்பு ஆய்வு. அதற்காக எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் படம் பிடிப்பது) எடுக்கும் வேலை போன வாரத்தோடு முடிந்தது. கோவை வரை வந்து ஒத்துழைத்த சோமனூர்த் தறிக்காரர்கள், திருப்பூர் பனியன் கம்பெனித் தையல்காரர்கள், பொள்ளாச்சித் தோப்புக்காரர்கள் எல்லோருக்கும் முதல் நன்றி.

"மாத்திரை நல்லதுன்னா குடுத்துட்டுப் போங்க அம்மிணி, படம் எதுக்குங்க?" என்று அன்னூர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார். அன்று கூட்டம் அதிகம். பதிலை இங்கே சொல்கிறேன். சர்க்கரை இறங்கினால் இதயமும் தப்பிக்கும் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். ரோசிகிளிட்டசோன் என்ற மாத்திரை சர்க்கரையை நன்றாகவே இறக்கியது. ஆனால் அது மாரடைப்பைக் கூட்டுகிறதோ என்ற சந்தேகத்தை 2007-இல், பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு கிளப்பியது. 2010-இல் இந்தியாவில் அந்த மாத்திரையே நிறுத்தப்பட்டது. இதற்கிடையில் 2008-இல், புதிய சர்க்கரை மருந்துகளால் இதயத்துக்குக் கெடுதல் இல்லை என்று காட்டியாக வேண்டும் என்றது அமெரிக்கா. அப்படிச் சோதிக்கப் போய்த்தான் எம்பாகிளிஃப்ளோசின் என்ற புதிய சர்க்கரை மாத்திரை, இதய நோயும் இருந்த சர்க்கரை நோயாளிகளிடம் இதய, ரத்தநாளக் கோளாறால் வரும் சாவை 38 சதவீதம் குறைத்தது 2015-இல் தெரியவந்தது. சரி, எப்படிக் குறைக்கிறது? அதற்குத்தான் படம். 2019-இல் வெளியான கனடா ஆய்வில் 97 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 6 மாதத்தில் இதயத்தின் இடது கீழறையின் தசை எடை குறைந்திருந்தது.

எங்களுக்குக் கைக்கு எட்டியது எக்கோதான். அதில் சுவரின் தடிமனை மில்லிமீட்டரில் அளக்கிறோம். தசை எடைக்கான சூத்திரம் அந்த அளவை மும்மடியாக்கும் (க்யூப் செய்யும்) என்பதால், 1 மி.மீ. பிசகினாலும் கிராம் கணக்கில் தப்பாகும். இடப்பக்கம் ஒருக்களித்து, கையைத் தலைக்கு அடியில் மடக்கி, ஜெல்லியின் சில்லிப்பையும் பொறுத்து, "மூச்சை விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க" என்றதும் நிறுத்தினீர்களே, ஆய்வே அதன்மேல்தான் நிற்கிறது.

எக்கோ எடுத்த அக்காவுக்குப் பெரிய கும்பிடு. யாருக்கு எந்த மாத்திரை என்று அவருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் கை தானாக ஒரு பக்கம் சாயும். யாராவது மாத்திரைப் பெயரைச் சொல்ல வாயெடுத்தால், "அதெல்லாம் டாக்டரம்மாகிட்டச் சொல்லுங்க சாமி" என்று மடக்கிவிடுவார்.

அப்புறம், வெளியே தெரியாத சிலர். எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுவதால் அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும். ஷிப்டில் அது எவ்வளவு சங்கடம்! அந்த நேரத்தில் பக்கத்து மெஷினையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட தோழிகளே, உங்களுக்கும் நன்றி. நோம்பிக்குக் காப்புக் கட்டியிருந்ததால் வெளியூரில் ராத்தங்கக் கூடாதென்று, முதல் பஸ்ஸில் மாமனாரைக் கூட்டி வந்து பொழுதோடு திரும்பிய மருமகள்களுக்கும்தான்.

படங்களைக் கணக்குப் போட்டு முடிக்க இன்னும் நாளாகும். அதுவரை யாரும் மாத்திரையைத் தானாக நிறுத்திவிட வேண்டாம்; ஆபரேஷன் ஏதாவது இருந்தால் மட்டும் சில நாள் முன்னதாகவே உங்கள் டாக்டரிடம் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். எக்கோ ரிப்போர்ட்டின் நகல் வேண்டுவோர் பழைய ஃபைலோடு வாருங்கள், எடுத்து வைத்திருக்கிறேன்.