மிருதங்கத்தோடு ஜப்பான் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. பிப்ரவரிப் பயணம் உறுதியானதில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். டோக்கியோ, ஒசாகா, ஃபுகுவோகா என்று பத்து நாளில் நான்கு கச்சேரி. போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும், அதனால் எழுதுகிறேன். பத்திரமாக வைத்துக்கொள்.

ஜப்பானில் எதையும் முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டால், எழுதியது எழுதியபடி நடக்கும். அரங்கத்துக்குப் போய் நின்றுகொண்டு கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், ஆனால் காரியம் நடக்காது. மேடைக்கும் இதுதான் கதை, உன் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இதுதான். ஆகவே இந்த வாரமே ஏற்பாட்டாளருக்கு இரண்டு தாள் அனுப்பிவிடு: ஒன்று மேடைத் தாள், இன்னொன்று சாப்பாட்டுத் தாள்.

முதலில் காசு, விசா விஷயத்தை முடித்துவிடுகிறேன். சம்பளம் வாங்கி வாசிப்பதற்குச் சுற்றுலா விசா ஆகாது. கலைஞர்களுக்கென்று 'கோக்யோ' என்ற தனி விசா இருக்கிறது. அதற்கான தகுதிச் சான்றிதழை ஏற்பாட்டாளர்தான் அங்கே குடிவரவு அலுவலகத்தில் வாங்கி உனக்கு அனுப்ப வேண்டும். சான்றிதழ் தந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் நீ அங்கே இறங்கியாக வேண்டும். இந்த விசாவில் போகிறவர்களுக்கு ஜே.ஆர். ரயில் பாஸ் கிடையாது, அது சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும். பலர் இங்கேயே பாஸ் வாங்கிக்கொண்டு போய் ஸ்டேஷன் கவுன்டரில் மாட்டிக்கொள்கிறார்கள். ரயில் செலவு யார் தலையில் என்பதை இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கு. வெளிநாட்டுக் கலைஞர் சம்பளத்தில் 20.42 சதவீதம் வரி பிடிப்பார்கள். 1,00,000 யென் பேசியிருந்தால் கைக்கு வருவது 79,580. பேசிய தொகை வரிக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டுவிடு. வரி பிடித்த சான்றையும் கையோடு வாங்கி வா, இங்கே கணக்குக் காட்ட அது வேண்டும்.

இனி வாத்தியம். பிப்ரவரியில் டோக்கியோ குளிர் என்பதைவிட வறட்சி என்று சொல்ல வேண்டும். காற்றின் ஈரப்பதம் 20, 30 சதவீதத்துக்கு இறங்கும் நாட்கள் உண்டு. அறைக்குள் ஹீட்டர் வேறு ஓடும். நம் ஊர் ஈரக்காற்றுக்குப் பழகிய தோல் அங்கே இழுத்துக்கொள்ளும், சுருதி தானாக ஏறும். ஓட்டல் அறையில் சரியாகச் சேர்த்த வலந்தலை, அதாவது வலக்கைப் பக்கம், அரங்கத்தில் அரைச் சுருதி ஏறி நின்றால் பதறாதே. விளிம்பைச் சுற்றிய தோல் பின்னலைக் கீழிருந்து மேலாக, எல்லாக் கண்ணிலும் சுற்றிச் சுற்றி லேசாகத் தட்டி இறக்கு. ஒரே இடத்தில் ஓங்கித் தட்டினால் வாய்த்தோலான மூட்டு ஒரு பக்கம் சாய்ந்துவிடும், பிறகு எந்தக் கண்ணும் ஒன்றோடு ஒன்று சேராது. வறட்சியில் முதலில் அடிபடுவது கரணை, வலந்தலை நடுவிலுள்ள கருப்புப் பூச்சு. ஓரத்தில் முடி போல ஒரு விரிசல் விழும், இரண்டு நாளில் அந்த இடம் பொருக்காக உதிரும். அதைத் தடுக்க, துளை போட்ட சோப்பு டப்பாவில் பிழிந்த பஞ்சு ஒன்றை வைத்து, தோலில் படாமல் பைக்குள் போட்டு வை. வெளியே 4 டிகிரியிலிருந்து உள்ளே 24 டிகிரிக்கு வந்தவுடன் பையைத் திறக்காதே. அரை மணி நேரம் மூடியபடியே இருக்கட்டும்.

இரண்டு மிருதங்கம் கொண்டு போ. அங்கே மூட்டு மாற்ற, தோல் வாரைப் பிடித்து இறுக்க ஆள் கிடைப்பார் என்று நம்பிப் போகக் கூடாது. சுருதிக் கல், அதோடு சேரும் மரத்துண்டான புள், போல்ட் மிருதங்கமானால் ஸ்பேனர், எல்லாம் சரக்குப் பெட்டியில் போகட்டும். கைப்பையில் கல்லைக் கண்டால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள்.

இடக்கைப் பக்கமான தொப்பியில் ஒட்ட ரவை கால் கிலோ, சீல் உடைக்காத பாக்கெட்டாக எடுத்துக்கொள். சுங்கத்தில் கேட்டால் எடுத்துக் காட்டு. தீர்ந்தால் டோக்கியோவில் ஷின்-ஒக்குபோ ஸ்டேஷன் பக்கத்துச் சந்திலும், நம்மவர்கள் நிறைய வசிக்கும் நிஷி-கசாயிலும் இந்தியப் பலசரக்குக் கடைகள் இருக்கின்றன. சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் பாஸ்தா ரவை வேண்டாம், அது நைசு, பிசுபிசுத்துப் போகும். ஹீட்டர் காற்றில் ரவை சீக்கிரம் காய்ந்து தொப்பியின் சுருதி ஏறிவிடும். நீ மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வருவதற்குள் ஓரம் வெடித்துக் கொட்டும். வழக்கத்தைவிடக் கொஞ்சம் தளர்வாகப் பிசை, பக்கத்தில் ஈரத்துணி வைத்துக்கொள், வயலின் தனியாக வாசிக்கும்போது ஒரு விரல் தண்ணீர் தடவிவிடு. கீழே ஒரு துண்டு விரித்து உட்கார். ரவை சிந்திய மேடையை அங்கே மேடைப் பணியாளர் முட்டி போட்டுத் துடைப்பார், நமக்குத்தான் கஷ்டமாக இருக்கும்.

மின்சாரம் அங்கே 100 வோல்ட். சுருதிப் பெட்டியின் அடாப்டரைத் திருப்பிப் பார், '100–240' என்று போட்டிருந்தால் சரி. '230' என்று மட்டும் இருந்தால் வேலைக்கு ஆகாது. பிளக் இரண்டு தட்டைக் கம்பி, நம் உருண்டைக் கம்பி நுழையாது. இங்கிருந்து கெட்டில், ரைஸ் குக்கர் எதுவும் வேண்டாம். 230 வோல்ட்டுக்குச் செய்த 1000 வாட் கெட்டில் அங்கே 190 வாட் சூடுதான் கொடுக்கும். தண்ணீர் வெதுவெதுப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். ஓட்டல் அறையிலேயே பெரும்பாலும் கெட்டில் இருக்கும்.

மேடைத் தாளில் எழுத வேண்டியது இது. நாம் உட்காரும் மேடையை 'ஹிராதாய்' என்ற பலகைகளைச் சேர்த்துக் கட்டுவார்கள். ஒரு பலகை அவர்கள் ஊர் அளவில் 3 ஷாக்குக்கு 6 ஷாக்கு, அதாவது சுமார் 91 செ.மீ.க்கு 182 செ.மீ., கனம் 12 செ.மீ. பாட்டு, வயலின், மிருதங்கம் என்று மூன்று பேர் என்றால் 4 பலகை, 3.64 மீட்டர் அகலம், 1.82 ஆழம். கடமும் சேர்ந்தால் இன்னும் 2 பலகை கேள், ஆழம் 2.73 ஆகும். பார்வையாளர் பக்கத்திலிருந்து பார்த்தால் வலது 'கமிதே', இடது 'ஷிமோதே'. நீ ஷிமோதே பக்கம். மைக் இரண்டு, வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று. கீழே வைக்கும் மானிட்டருக்கு அங்கே 'கொரோகாஷி' என்று பெயர், அதில் வரும் சத்தத்துக்கு 'கயேஷி'. கயேஷியில் சுருதியும் பாட்டும் போதும், உன் மிருதங்கம் வேண்டாம் என்று எழுது. இல்லாவிட்டால் தொப்பி கூவ ஆரம்பிக்கும், அதை அவர்கள் 'ஹவுரிங்கு' என்பார்கள். அங்குள்ள பெரிய அரங்குகள் மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவுக்காகக் கட்டியவை. டோக்கியோ சன்டோரி ஹாலில் ஆள் நிறைந்திருக்கும்போதே ஒலி அடங்க 2.1 விநாடி ஆகும். அந்த மாதிரி இடத்தில் வேகமான மேல்காலச் சொற்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கஞ்சியாகிவிடும். முத்தாய்ப்பாக வரும் கோர்வையை இடம் விட்டு வாசி, தொப்பியைக் குறைத்துக்கொள், எதிரொலி எஃபெக்ட் ஒரு துளியும் வேண்டாம் என்று தாளிலேயே போட்டுவிடு.

ஒவ்வொரு உருப்படிக்கும் நிமிடம் கேட்பார்கள். நம் கச்சேரியில் அப்படிச் சொல்ல முடியாது என்று வாதாடாதே, உத்தேசமாக எழுதிக் கொடு, தனி 12 நிமிடம் என்றால் 12. நகராட்சி அரங்குகளைக் காலை, மத்தியானம், இரவு என்று பகுதி பகுதியாக வாடகைக்கு விடுகிறார்கள். இரவுப் பகுதி பெரும்பாலும் 10 மணியோடு முடியும். 10 என்றால் பலகை பிரித்து, துடைத்து, கதவு பூட்டியாக வேண்டிய நேரம். கச்சேரி 9 மணிக்கு நின்றாக வேண்டும்.

இந்த நேரக் கணக்குதான் சாப்பாட்டிலும் கை வைக்கிறது. நல்ல உணவகங்கள் பல 11:30-க்குத் திறந்து 2 மணிக்கு மூடும், மறுபடி 5 அல்லது 5:30-க்குத்தான் திறக்கும். உன் ஒத்திகை, அவர்கள் சொல்லும் 'ரிஹா', சரியாக அந்த மூடிய நேரத்தில்தான் விழும். கச்சேரி முடிந்து வெளியே வந்தால் கடைசி ஆர்டர் எடுத்து முடித்திருப்பார்கள். ஆகவே கடை திறந்தவுடன் 11:30-க்கு வயிறாரச் சாப்பிடு, 4:30-க்கு மேடைக்குப் பின்னால் கொஞ்சம், இரவுக்கு அறையில் ஏதாவது. கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்னால் வயிறு நிறைந்திருந்தால் சம்மணம் போட்டுக் குனிந்து வாசிக்க முடியாது, உனக்கே தெரியும்.

சாப்பாட்டுத் தாளில் 'வெஜிடேரியன்' என்று மட்டும் எழுதினால் மீன் வரும். இறைச்சியை விட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இறைச்சி, மீன், நண்டு, முட்டை, இவற்றில் எடுத்த சாறு எதுவும் வேண்டாம், பால் தயிர் சரி என்று பிரித்து எழுது. சிக்கல் முழுவதும் அந்தச் சாற்றில், 'தாஷி'யில்தான் இருக்கிறது. காட்சுவோபுஷி என்பது சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டையாகக் காயவைத்தது. நம் பக்கத்து மாசிக்கருவாட்டுக்குச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள். அதைக் காகிதம் போலச் சீவி, கொதிநீரில் போட்டு, ஒன்றிரண்டு நிமிடத்தில் வடிகட்டிவிடுவார்கள். கிண்ணத்தில் மீன் துண்டு ஒன்றும் தெரியாது, தெளிந்த பொன்னிறத் தண்ணீர் மட்டும். மிசோ என்ற சோயா விழுதில் செய்யும் சூப், உதோன் நூடுல்ஸ் சாறு, சோபா நூடுல்ஸ் தொட்டுக்கொள்ளும் சாறு, வேகவைத்த காய்கறி, எல்லாவற்றுக்கும் அடித்தளம் அதுதான். சூடான பண்டத்தின் மேல் அந்தச் சீவலைத் தூவினால் ஆவியில் உயிருள்ளது போல நெளியும். அதைப் பார்த்தால் தட்டைத் தள்ளி வைத்துவிடு.

மீனில்லாத தாஷியும் உண்டு. கொம்பு என்ற கடற்பாசியை ஊறவைத்தோ, காய்ந்த ஷீதாகே காளானை ஊறவைத்தோ எடுப்பது. 1908-இல் இக்கேதா கிகுனாயே என்ற வேதியியல் பேராசிரியர் 'உமாமி' சுவையைப் பிரித்தெடுத்ததே இந்தக் கொம்புவிலிருந்துதான், அதனால் ருசியில் குறை சொல்ல முடியாது. பௌத்த மடங்களின் 'ஷோஜின் ர்யோரி' சமையல் முழுக்க இந்தச் சாறுதான், பூண்டு வெங்காயமும் கிடையாது. ஒசாகாவில் உனக்கு ஒரு நாள் ஓய்வு இருக்கிறதே, கியோட்டோ போய் ஒரு வேளை அதைச் சாப்பிட்டு வா, தென்ர்யூஜி கோயில் வளாகத்திலேயே கிடைக்கிறது. எள்ளை அரைத்துச் செய்யும் எள் தோஃபுவை விடாதே. முன்பதிவு செய்துகொண்டு போ.

மற்ற நாட்களுக்குக் 'கோன்பினி', அதாவது செவன் இலெவன், லாசன், ஃபேமிலி மார்ட் கடைகள். உப்பு மட்டும் போட்ட ஓனிகிரி என்ற சோற்று உருண்டையைத் தேடு, 'ஷியோ முசுபி' என்று பெயர். புளிப்பு உமெ ஊறுகாய், கொம்பு வைத்த ஓனிகிரிகளிலும் சிலவற்றில் மீன் சாறு சேர்க்கிறார்கள். லேபிளில் ஒவ்வாமைப் பெட்டியைப் பார்த்து ஏமாறாதே. சட்டப்படி அதில் முட்டை, பால், இறால் எல்லாம் வரும், சூரை மீன் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. சேர்மானப் பகுதியைத்தான் படிக்க வேண்டும். 'காட்சுவோ' என்ற சொல்லை அவர்கள் மூன்று விதமாக எழுதுவார்கள். மூன்றையும் ஏற்பாட்டாளரை ஒரு அட்டையில் எழுதித் தரச் சொல், கடையில் லேபிளோடு வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடு. வாழைப்பழம், எதமாமே என்ற பச்சை சோயாக் காய், சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு, இவற்றுக்கு லேபிளே வேண்டாம்.

அறையில் தயிர்சாதம் சுலபம். 200 கிராம் சோற்றுப் பாக்கெட் வாங்கி மைக்ரோவேவில் 2 நிமிடம் வை. அவர்கள் அரிசி குட்டையாக, ஒட்டும் தன்மையோடு இருக்கும், சாம்பாருக்கு லாயக்கில்லை, தயிருக்கு அபாரம். சூட்டோடு கரண்டியால் மசித்து, ஒரு கை பால் ஊற்றி, ஆறியபின் 150 கிராம் தயிர். சர்க்கரை சேர்க்காத பெரிய டப்பாத் தயிர்தான் வாங்க வேண்டும், சிறிய பழத் தயிர்க் கிண்ணங்களில் சிலவற்றில் ஜெலட்டின் போடுகிறார்கள். அம்மா பருப்புப் பொடியும் நாரத்தங்காயும் கட்டி வைத்திருக்கிறாள். பச்சைக் கறிவேப்பிலை, பழம் எதையும் பெட்டியில் போடாதே, விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், அந்தக் குளிரில் கல்லாகிவிடும். நல்லெண்ணெய் போதும்.

கச்சேரி முடிந்ததும் 'உச்சியாகே' என்று எல்லோரும் சேர்ந்து இசகாயா என்ற மதுக்கடை உணவகத்துக்குப் போவார்கள். களைப்பாக இருக்கிறது என்று தவிர்க்காதே, பலகை கட்டியவரும் மைக் வைத்தவரும் அங்கேதான் வந்து உட்காருவார்கள். உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வரும், 'ஓதோஷி'. தலைக்கு 300 முதல் 500 யென் பில்லில் ஏறும், அது இருக்கைக்கான காசு. உள்ளே பெரும்பாலும் மீனோ இறைச்சியோ இருக்கும், பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடு. குளிர்ந்த தோஃபு கேட்டால் மேலே அந்தச் சீவலைத் தூவித்தான் தருவார்கள், 'காட்சுவோபுஷி நாஷி' என்று முதலிலேயே சொல். குடிக்க ஊலாங் டீ. கிளம்பும்போது எல்லோருக்கும் 'ஓட்சுகரேசாமா தேஷிதா' சொல், உழைப்புக்கு நன்றி என்று அர்த்தம். டிப்ஸ் கொடுக்காதே. தனித்தனியாகச் சுற்றிய கடலை மிட்டாய் ஒரு பெட்டி மேடைக்குப் பின்னால் வைத்துவிடு, அந்த வழக்கம் அவர்களுக்கும் உண்டு.

துணிப் பெட்டியை 'தக்யூபின்' கூரியரில் ஓட்டலிலிருந்து ஓட்டலுக்கு அனுப்பிவிடு. டோக்கியோவில் கொடுத்தால் ஒசாகாவுக்கு மறுநாள் வந்துவிடும். மிருதங்கத்தை மட்டும் யாரிடமும் கொடுக்காதே, புல்லட் ரயிலில் கூடவே வரட்டும், ஹீட்டர் காற்று வரும் கால் பக்கத்தில் வைக்காதே. கச்சேரி நாளில் வெந்நீர்த் தொட்டியில் கிடக்காதே, விரல் காய்ப்பு ஊறி மிருதுவாகிவிடும், 'மீட்டு' என்ற விரல் அடி சரியாக வராது. கை விறைத்தால் 'கைரோ' என்ற சூட்டுப் பை கடைகளில் விற்கிறார்கள், பாக்கெட்டில் வைத்துக் கையைச் சூடாக்கிக்கொள்.

உருப்படிகளுக்கு நடுவே சபை அசையாமல் உட்கார்ந்திருக்கும். தலையாட்டல், 'பலே' ஒன்றும் வராது. பிடிக்கவில்லை என்று நினைத்து வேகத்தை ஏற்றிவிடாதே, அவர்கள் கேட்கும் விதம் அது. கடைசி உருப்படி முடிந்த பிறகு கைதட்டல் கலைந்து ஆரம்பித்து, மெல்ல மெல்ல எல்லாக் கையும் ஒரே காலப்பிரமாணத்தில் சேரும். இன்னொன்று வாசி என்று அதற்கு அர்த்தம். அதற்கு ஒரு 4 நிமிடத்தை மேடைத் தாளிலேயே ஒதுக்கி வை.

இரண்டு தாளையும் எழுதி முடித்ததும், அவர்களுக்கு அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு பிரதி அனுப்பு, பலகைக் கணக்கை ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா