பதினொரு மணிக்கு மேலும் என் மகனுக்குப் பள்ளி வேண்டும் – நான்காவது கோரிக்கை மனு

அனுப்புநர்: மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய், ரயில்வே கேட் தெரு.

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

பொருள்: ஆட்டிசம் உள்ள என் மகனைத் தினமும் பாதி நாளில் வீட்டுக்கு அனுப்புவதை நிறுத்தி, மாலை வரை வகுப்பில் வைத்திருக்க உத்தரவிடக் கோருதல் தொடர்பாக.

பார்வை: ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நான் நேரில் கொடுத்த இரண்டு மனுக்கள், செப்டம்பரில் ஆன்லைனில் போட்ட ஒரு மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவது மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டதாகத் தாள் வந்தது. மூன்றாவது மனு முடித்து வைக்கப்பட்டதாகப் போனுக்கு மெசேஜ் வந்தது. அது வந்தபோது மணி 11.20, நான் அவனைக் கூட்டிக்கொண்டு ரயில்வே கேட்டில் நின்றிருந்தேன், கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது, அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் வயிற்றில் முகத்தைப் புதைத்திருந்தான். என்ன முடிந்தது என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

பள்ளி தங்களுக்குத் தெரிந்ததுதான். கேட்டுக்கு இந்தப் பக்கம், பழைய ரைஸ் மில்லுக்கு எதிரில். காலை உணவைப் பார்வையிடத் தாங்கள் வந்த அன்று கார் திரும்ப இடமில்லாமல் ரோடு வரை பின்னாலேயே எடுத்தார்கள், அந்தச் சந்துதான். என் குறைகளைக் கீழே வரிசையாகப் பணிவுடன் எழுதுகிறேன்.

1. என் மகனுக்கு வயது 8. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறது, ஆட்டிசம், 60 சதவீதம் என்று போட்டிருக்கிறது.

2. தினமும் 10.50க்கு இன்டர்வல் மணி. 11 மணிக்குள் எனக்குப் போன் வந்துவிடும். "அம்மா, அடம் பிடிக்கிறான், கூட்டிட்டுப் போயிடுங்க." அவ்வளவுதான். ஆனால் வருகைப் பதிவேட்டில் அவனுக்கு முழு நாள் வருகை போட்டிருக்கிறது, நானே பார்த்தேன். பதிவேட்டின்படி அவன் மாலை வரை வகுப்பில் இருக்கிறான், நிஜத்தில் பன்னிரண்டு மணிக்கு என் தையல் மிஷினுக்கு அடியில் உட்கார்ந்து சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

3. அது அடம் இல்லை ஐயா. அந்தப் பள்ளியில் மணி என்பது ஒரு தண்டவாளத் துண்டு. அதைக் கட்டித் தொங்கவிட்டிருப்பது மூன்றாம் வகுப்பு வாசல் தூணில், அவன் உட்காரும் இடத்திலிருந்து நாலு எட்டு. சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். நமக்கு அது இன்டர்வல், அவனுக்கு மண்டைக்குள் அடிக்கிற மாதிரி. அது ஓய்வதற்குள் முந்நூறு பிள்ளைகளும் கத்திக்கொண்டு வெளியே ஓடுவார்கள். அவன் தரையில் விழுந்து தலையை இடித்துக்கொள்வான், கையைக் கடித்துக்கொள்வான், கிட்டே யார் போனாலும் தள்ளிவிடுவான். அடம் பிடிக்கிற பிள்ளை நடுவில் ஓரக்கண்ணால் நம்மைப் பார்க்கும், கேட்டதைக் கொடுத்தால் நிறுத்தும். இவன் யாரையும் பார்ப்பதில்லை, எதையும் கேட்பதில்லை, கொடுத்தாலும் நிறுத்த அவனால் முடியாது. அரசாங்கக் காகிதங்களில் ஆட்டிசத்துக்குப் புற உலகச் சிந்தனையற்ற என்று ஒரு பேர் போடுகிறார்கள். புற உலகம் எட்டவில்லை என்றால் இவனுக்கு என்ன கஷ்டம்? ஃபேன் சத்தம், டியூப்லைட் இரைச்சல், சட்டைக் காலரில் உறுத்துகிற துணித்துண்டு என்று எல்லாம் அளவுக்கு மேல் எட்டுகிறது, அதுதான் பிரச்சினையே.

4. இதைக் கண்டுபிடித்தது டாக்டரும் இல்லை, டீச்சரும் இல்லை, சத்துணவு அக்கா. போன பிப்ரவரியில் ஒரு பதினைந்து நாள், மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் அந்த அக்கா வந்து, "மணி அடிக்கப் போவுது கண்ணு, வா" என்று அவனைச் சமையலறைப் பக்கம் கூட்டிப்போய்விடுவார். அவனே காதைப் பொத்திக்கொள்வான். சத்தம் அடங்கியதும் திரும்ப வந்து உட்காருவான். அந்தப் பதினைந்து நாளும் எனக்கு ஒரு போன் வரவில்லை ஐயா, ஒன்றுகூட வரவில்லை. அப்புறம் அக்காவை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள், மறுநாளே போன் வந்தது. செலவு எவ்வளவு? ஒரு பைசா இல்லை. என்ன நடக்கப் போகிறது என்று முன்கூட்டிச் சொன்னால் அவன் தாங்கிக்கொள்வான், திடீரென்று நடந்தால்தான் உடைந்துபோகிறான். இதை நான் தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். "ஒரு பையனுக்காக மணியை மாத்த முடியுமாம்மா?" என்று கேட்டார். மணியை மாற்றச் சொல்லி நான் கேட்கவே இல்லை, தூணை விட்டுத் தள்ளி வேப்பமரத்தில் கட்டச் சொன்னேன், இல்லையென்றால் அவனை மட்டும் அந்தக் கடைசி அறைப் பக்கம் உட்கார வைக்கச் சொன்னேன், அதுவும் இல்லையென்றால் பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை ஒன்று கையைத் தொட்டுச் சொன்னால்கூடப் போதும் என்றேன்.

5. இவனைப் போன்ற பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் வாரம் ஒரு நாள் வர வேண்டும். இந்த வருஷம் இரண்டு தடவை வந்தார். அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை, அவர் தலையில் எத்தனை பள்ளிகளோ.

6. சட்டம் எனக்குத் தெரியாது, ஆனால் படிக்க வைத்துவிட்டார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. பிரிவு 16 இவனைப் பாகுபாடு இல்லாமல் மற்ற பிள்ளைகளோடு சேர்த்துப் படிக்க வைக்கச் சொல்கிறது, அவனுக்கு ஏற்ற வசதியைச் செய்து கொடுக்கவும் சொல்கிறது. பிரிவு 31, குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளுக்கு 6 வயதிலிருந்து 18 வயது வரை இலவசக் கல்வி என்கிறது. பதினொரு மணி வரை என்று எந்தப் பிரிவிலும் இல்லை.

7. நான் உதவித்தொகை கேட்டு எழுதவில்லை. கார்மெண்ட்ஸ் வேலையை ஜூன் மாதமே விட்டுவிட்டேன், தினம் பதினொரு மணிக்கு எழுந்து போகிறவளை யார் வைத்துக்கொள்வார்கள்? இப்போது வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். அவன் அப்பா குட்டியானை ஓட்டுகிறார், லோடு கிடைத்தால்தான் காசு. சொந்தக்காரர்கள் நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்கிறார்கள். பெரியம்மா ஒருத்தி மந்திரித்துக் கயிறு கட்டச் சொன்னாள், அதையும் கட்டினேன், அது மணிக்கட்டில் உறுத்துகிறது என்று ராத்திரி முழுக்க அவன் தூங்கவில்லை. இதெல்லாம் எதற்கு இந்த மனுவில் என்று கேட்பீர்கள். வேறு எங்கே எழுதுவது?

8. போன வியாழக்கிழமை போன் அடித்தபோது நான் ரேஷன் கடை வரிசையில் இருந்தேன், எடுக்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது அவனை ஆபீஸ் ரூமில் தனியாக உட்கார வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். மூத்திரம் போய் டவுசர் நனைந்திருந்தது. அழவில்லை. சுவரில் பெயிண்ட் உரிந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே "வா கண்ணு, வா கண்ணு, வா கண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்த அக்கா சொன்ன வார்த்தை.

9. நாங்கள் எத்தனை தடவைதான் கேட்பது? ஒவ்வொரு ஏப்ரல் 2ஆம் தேதியும் கட்டடங்களுக்கு நீல விளக்குப் போடுகிறார்கள், ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் என்கிறார்கள், நல்லதுதான். ஒரு சுற்றறிக்கை போட்டால் போதுமே ஐயா. அந்தத் தண்டவாளத் துண்டை ஒரு நாள் வந்து பாருங்கள், 10.50க்கு வாருங்கள், அவன் பக்கத்தில் உட்காருங்கள்.

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். நான் கேட்பது இதுதான். என் மகனை மாலை வரை வகுப்பில் வைத்திருக்க எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். மணிக்கு முன்னால் அவனிடம் சொல்ல ஓர் ஆளைப் பொறுப்பாக்க வேண்டும். தனி அறையில் அடைக்கக் கூடாது. சிறப்பாசிரியர் வரும் நாளை எனக்குத் தெரிவிக்க வேண்டும். முதலாவது மட்டும் நடந்தாலும் போதும், அவனை மாலை வரை வைத்திருக்கச் சொல்லுங்கள் ஐயா. அவன் கையெழுத்து நன்றாக இருக்கும், அதைப் பதினொரு மணிக்கு மேல்தான் எழுதச் சொல்லுகிறார்களாம்.

இப்படிக்கு,
மாணவனின் தாய்.

இணைப்பு: அடையாள அட்டை நகல், முன்பு கொடுத்த மூன்று மனுக்களின் நகல், போன் வந்த தேதியும் நேரமும் குறித்த நோட்டின் ஜெராக்ஸ் 6 பக்கம். நோட்டில் நடுநடுவே இருப்பவை பிளவுஸ் அளவுகள், அவற்றை விட்டுவிடவும்.