ஒரு ரூபாய்க் காசளவு

அன்பு மாப்ளே,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. பாப்பாவின் முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். இறந்தவர்களின் மூட்டிலிருந்து ஜவ்வை எடுத்து மற்றவர்களுக்கு வைக்கிறார்களாமே, தங்கச்சிக்கும் அதைப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தாய். இரண்டுக்கும் விவரமாகவே எழுதுகிறேன்.

செல்லூர் கபடி மேட்சில் பாடிப் போனவள் சட்டென்று திரும்பியதில் முட்டிச் சில்லு வெளிப்பக்கம் விலகிவிட்டது. அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டு, கட்டுப் போடுகிற ஒருவரிடம் கூட்டிப் போனேன். இழுத்துக் கட்டிவிட்டு, சுளுக்குதான் என்றார். மூன்று மாதம் அதிலேயே போனது. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. இப்போது பிள்ளை மாடிப்படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாகக் கால் வைக்கிறாள். பக்கத்தில் நின்றால் முட்டிக்குள் நறநறவென்று சத்தம் கேட்கிறது. பத்தொன்பது வயதுப் பிள்ளை மாப்ளே.

ஸ்கேன் எடுத்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. நாம் எல்லாவற்றையும் ஜவ்வு என்று சொல்லிவிடுகிறோம். இது ஜவ்வு இல்லை, குருத்தெலும்பு. கறிக்கடையில் கால் எலும்பு வாங்கும்போது முனையில் வழவழவென்று வெள்ளையாகப் பூசினாற்போல் இருக்குமே, அதேதான். நம் உடம்பிலேயே அது அதிகத் தடிமனாக இருப்பது முட்டிச் சில்லின் பின்பக்கத்தில்தானாம். படி ஏறி இறங்கும்போது உடல் எடையைப் போல மூன்று மடங்கு பாரம் அங்கே விழுகிறது. பாப்பாவுக்கு அதில் ஒரு ரூபாய்க் காசளவு பெயர்ந்துவிட்டது. குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது, அதனால் தானாகவும் ஆறாது. சின்னக் காயம் என்றால் அவளுடைய மூட்டிலேயே பாரம் படாத இடத்திலிருந்து எடுத்து ஒட்டலாம். இவ்வளவு பெரிய காயத்துக்கு அது போதாது என்றார் டாக்டர்.

அப்போதுதான் நீ கேட்ட முறையைச் சொன்னார். இறந்தவரின் சில்லிலிருந்து குருத்தெலும்பை, அடியில் இருக்கும் எலும்போடு சேர்த்து, வட்டமாகக் கார்க் போல வெட்டி எடுக்கிறார்கள். இங்கே காயம்பட்ட இடத்தை அதே அளவுக்குக் குடைந்து, இறுக்கமாகப் பொருத்துகிறார்கள். ரத்தக்குழாய் இல்லாததால் உடம்பு அதை எதிர்ப்பது குறைவு. சிறுநீரகம் மாற்றியவர்களைப் போல ஆயுள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டியதில்லை. கேட்டு எனக்கு உடம்பு சிலிர்த்த விஷயம் ஒன்று உண்டு. அடியில் வைத்த எலும்பு நாளாக ஆகப் பாப்பாவின் எலும்பாகவே மாறிவிடுமாம். மேலே உள்ள குருத்தெலும்பின் உயிரணுக்கள் மட்டும் கொடுத்தவருடையவையாகவே இருந்துகொண்டிருக்குமாம்.

சிக்கலும் இருக்கிறது. உறைய வைத்தால் அந்த உயிரணுக்கள் செத்துவிடும். 4 டிகிரி குளிரில் ஊட்டக் கரைசலில் வைத்து, இரண்டு வாரம் தொற்றுப் பரிசோதனைகளை முடித்து, சுமார் 28 நாளுக்குள் பொருத்திவிட வேண்டும். சில்லின் அளவும் வளைவும் ஒத்துப்போக வேண்டும். அமெரிக்காவில் இது பழகிப்போன சிகிச்சை. நம் பக்கம் அப்படி உறைய வைக்காமல் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும், தொடை எலும்பில் வைப்பதைப் போல முட்டிச் சில்லில் வைப்பது அவ்வளவு நன்றாக நிலைப்பதில்லை, சிலருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்படுகிறது என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. அதனால் இப்போதைக்குத் தொடைத் தசைக்குப் பயிற்சி. அப்புறம் அவளுடைய உயிரணுக்களையே ஆய்வகத்தில் வளர்த்து வைக்கும் முறையைப் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

தங்கச்சிக்கு இது வேண்டாம். அவளுக்கு வயதில் மூட்டு முழுக்கத் தேய்ந்த தேய்மானம். இந்தச் சிகிச்சை ஒரே இடத்தில் அடிபட்ட இளவயதுக்காரர்களுக்கு. யாராவது ஆசை காட்டினால் பணத்தைக் கட்டிவிடாதே.

மாப்ளே, உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். அன்றைக்குக் கோயிலுக்குப் போய் நின்றேன். பாப்பாவுக்கு ஒரு மூட்டு கிடைக்கட்டும் என்று ஆத்தா மீனாட்சியிடம் கேட்க வாய் வரவில்லை. நல்ல குருத்தெலும்பு இளவயதுக்காரரிடமிருந்துதான் வர வேண்டும். அப்படியென்றால் யாரோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை போயிருக்க வேண்டும். அவள் கால் நன்றாக வேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன்.

அப்பா தவறிய இரவு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று நீதான் கண் வங்கிக்குப் போன் செய்தாய். அரவிந்த் ஆஸ்பத்திரி 1976-இல் தொடங்கிய ஊர் இது. கண்ணைக் கொடுக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எலும்பையும் தோலையும்கூடக் கொடுக்கலாம் என்பது நம் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1994 உறுப்பு மாற்றுச் சட்டத்தில் திசுக்களையும் சேர்த்தது 2011 திருத்தத்தில்தான். போன வாரம் நானும் உன் அக்காவும் சம்மதப் படிவம் எழுதிவிட்டோம். நம் வயதில் குருத்தெலும்பு யாருக்கும் உதவாது. மற்றவை உதவும். நாளைக்கு ஒன்றென்றால் என் வீட்டார் அழுதுகொண்டிருப்பார்கள், போன் செய்ய வேண்டியவன் நீதான். படிவத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

சித்திரைத் திருவிழாவுக்குத் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வா. எக்ஸ்ரேயையும் எடுத்து வந்தால் டாக்டரிடம் காட்டிவிடலாம். அழகர் ஆற்றில் இறங்குவதை மாமாவோடு நின்றுதான் பார்ப்பேன் என்கிறாள் பாப்பா. வெகுநேரம் நிற்க அவளால் முடியாது, கல்பாலம் பக்கம் உட்கார ஓர் இடம் பார்த்து வைக்கிறேன்.

உன் பிரியமுள்ள,
மாப்ளே